மூன்றாம் மெய்ப்பு

"மை காயல அக்கா, ஒரு மணி நேரம் ஆகும்" என்றான்
ஆண்டர்சன் தெரு அச்சகத்துப் பையன்.
ஐம்பது பத்திரிகைதான்.
ஐம்பதுக்கு மேல் அழைக்க ஆளில்லை
எனக்கும் செல்வினுக்கும் சேர்த்து.

செவ்வாய்க்கிழமை. அந்தோணியாரிடம் போகும் கூட்டம்
மெழுகுவத்தியும் மல்லிகையுமாகத் தெருவை அடைத்திருந்தது.
நடுவில் ஒரு மீன்பாடி வண்டி,
அதில் வானம் பார்த்த பிளாஸ்டிக் குழாய்கள்.
தள்ளிய தள்ளலில்
பக்கத்து வாசலுக்குள் நின்றேன்.

சத்தம் முதுகுக்குப் பின்னால்
ஈரப் புடவையாகக் கழன்று விழுந்தது.

ஈழத்தலரி மரம். அதன் கீழே
தரை முழுக்கக் கல்லறைகள், எல்லாம் படுத்தவாக்கில்.
நடப்பதானால் பெயர்மேல்தான் நடக்க வேண்டும்.
செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தேன்.
கல் சுட்டது.
மறுபடி மாட்டிக்கொண்டேன்.

பத்தொன்பது வருஷமாக மெய்ப்புத் திருத்துகிறேன்.
பஞ்சாங்கம், பத்தாம் வகுப்புப் புவியியல்,
கூட்டுறவுச் சங்கத்து ஆண்டறிக்கை.
ஒற்று மிகுமா மிகாதா என்று தூக்கம் கெட்டவள்
இந்தக் கல்லின்மேல் குனிந்தேன்.
கொக்கி, கொக்கியோடு கோத்த கொக்கி,
கவிழ்த்த லாடம், நிமிர்ந்த லாடம்,
ஓரத்தில் தராசோ, மழை தின்ற தழும்போ.
ஒரு பிழையும் காண முடியாத பக்கம்.
விரல்கள் இல்லாத பேனாவைத் தேடிவிட்டு அடங்கின.

காவல்காரர் பெயர் தணிகைவேலு, வீடு வியாசர்பாடி.
"இவங்க ஆளுங்க யாராச்சும் இருக்காங்களா?"
"ஊர்ல ஒருத்தரும் இல்லம்மா.
கல்கத்தாவுல இருந்து சாமியார் வருவாரு.
வந்தா வருவாரு."
தனியாக நின்ற கோபுரத்தைக் காட்டி,
"மேல ஆறு மணி" என்றார்.
"ஆறு மணிக்கா?"
"இல்லம்மா, மணியே ஆறு.
அடிக்கிறது ஒன்பதரைக்கு, ஞாயித்துக்கிழமை, நான்தான்."
"யார் கேட்கிறார்கள்?"
"அடிச்சா யாரும் கேக்கறதில்ல.
ஒரு வாரம் அடிக்காம விட்டேன்,
என்னய்யா ஜுரமான்னு
வாசல் பூக்காரம்மா உள்ள வந்துடுச்சு."

வெளியே வந்து தெருப்பலகையைப் பார்த்தேன்.
ஆங்கிலத்தில் ஆர்மீனியன்.
தமிழில் அரண்மனைக்காரன்.
ஆர்மீனியக்காரன், அர்மனிக்காரன், அரண்மனைக்காரன் என்று
எந்தச் சுமைகூலியின் காதில் புரண்டதோ,
எந்த எழுத்தரும் வட்டமிடவில்லை.
கடல் தாண்டி முத்தும் பட்டும் விற்க வந்தவனுக்கு
இந்த ஊர் கட்டிக் கொடுத்த அரண்மனை
முழுக்க முழுக்க எழுத்துப்பிழையால் ஆனது.
குடக்கூலி கேட்காது.
மெட்ரோவுக்காக இடிக்கவும் முடியாது.

அச்சகத்தில் மை காய்ந்திருந்தது.
என் பெயர் சரி. அவர் பெயர் சரி.
பெயர்களையே பார்த்துக்கொண்டிருந்ததில்
இரண்டு மெய்ப்பிலும் கோட்டைவிட்டிருக்கிறேன்:
பதிவுத் திருமணம் என்ற இடத்தில்
பரிவுத் திருமணம்.

"தப்பா அக்கா?" பையனின் முகம் வெளுத்தது.
"திரும்ப ஓட்டணும்னா கரண்ட் வரணும்."
பேனாவின் மூடியைத் திறந்தேன்.
நாற்பத்தொரு வயதில்,
எனக்கு ஒன்று முறிந்து, அவருக்கு ஒன்று இறந்து,
சார்பதிவாளர் மேசையில் கையெழுத்துப் போட
இருவரும் எடுத்துக்கொண்ட நாலு வருஷத்தை
பையனுக்கு எப்படிச் சொல்ல?
"எண்ணிக் கட்டு" என்றேன்.

ஐம்பத்திரண்டு இருந்தது.
கூடுதல் ஒன்றை எடுத்துக்கொண்டு திரும்ப நடந்தேன்,
கூட்டத்துக்கு எதிராக.

தணிகைவேலு கையை நீட்டித் தூரமாகப் பிடித்து,
உதடு அசைய, எழுத்துக்கூட்டிப் படித்தார்.
அந்தச் சொல்லில் நிற்கவே இல்லை.
"விருந்து ஞாயித்துக்கிழமையா" என்றார்.
"மணி அடிச்சுட்டு வந்துடறேன்."