குறிப்பேட்டில் ஏறாதவை

இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி
ஜீப் பில்லுப்பாறையில் நின்றபோது பத்தேகால்.
பேசுவதை எழுதுவது என் வேலை.
ஒரு குயர் நோட்டு, இரண்டு பேனா,
மதியத்துக்குத் தயிர்சாதம்.

சமுதாயக் கூடத்து மேசையில்
மரப்பெட்டி திறந்திருந்தது.
மலையைத் துளைத்து எடுத்த கல் உருளைகள், வரிசையாக.
412 மீ. என்று மார்க்கரில் எழுதிய ஒன்றைத் தொட்டேன்.
வெள்ளரிக்காய்க் குளிர்ச்சி.

நிலவியல் மேடம் ஹம்சவேணிக்குத்
தொண்டை கட்டியிருந்தது.
"இருநூற்றைம்பது கோடி வருஷமா அசையாத கல்."
"நீங்கதான அசைச்சீங்க?"
பின்வரிசைக் குரல்.
பெயர் கேட்டேன், சொல்லவில்லை.
பெயரில்லாததை எழுதும் வழக்கமில்லை.

கழிவு என்றதும் இரண்டு பேர் மூக்கைப் பொத்தினார்கள்.
வாசனை வராது என்றார் மேடம்.
இருபத்துநாலாயிரம் வருஷத்தில் பாதி போய்விடும்.
"மீதி?"
அதில் பாதி, இன்னொரு இருபத்துநாலாயிரத்தில்.
மிளகு வியாபாரி சடையாண்டி விரல்விட்டுப் பார்த்து
"கந்துவட்டிகூட ஒருநாள் முடியும்" என்றார்.
சிரிப்பு என்று எழுதி
அடித்துவிட்டேன்.

மூடுபனி உள்ளே வந்து
கடைசி மூன்று வரிசையை எடுத்துக்கொண்டது.
அங்கிருந்தும் கேள்வி வந்தது:
"எண்ணூறு அடி போர் போட்டேன், புகைதான் வந்துச்சு.
வேலிக்கு அந்தப் பக்கம் ஐந்நூறுல தண்ணி.
விரிசல் எங்க ஓடுதுன்னு கல்லுக்கே தெரியாது,
உங்களுக்குத் தெரியுமா?"
"முழுசாத் தெரியாது" என்றார் மேடம்.
எழுதட்டுமா என்று பார்த்தேன்.
அவர் தலையசைத்தார்.
பக்கத்திலிருந்த அதிகாரி
என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு எச்சரிக்கைக் கல்.
பத்தாயிரம் வருஷத்தில் மொழி மாறிவிடும்,
ஆகவே படம்: மண்டையோடு, முள், ஓடும் மனிதன்.
காபிப் பழம் பறிக்கும் வெள்ளச்சி,
அரைநாள் கூலியை விட்டு வந்தவர், எழுந்தார்.
"கல்லு நட்டா நாங்க கும்புடுவோம்.
மஞ்ச பூசுவோம், கெடா வெட்டுவோம்,
புள்ளைக்கு முடி எறக்குவோம்.
மண்டையோடு போட்டா
இன்னும் துடியான சாமி."
உட்காரப் போனவர் மறுபடி நிமிர்ந்து
"நடலேன்னா தோண்டுவோம்" என்றார்.

இந்தமுறை சிரிப்பு இல்லை.

"இப்ப அது கடலோரத்துல, தொட்டித் தண்ணிக்குள்ள இருக்கு"
மேடத்தின் குரல் பாதி காற்று.
"அங்கயும் ஆளுங்க இருக்காங்க.
எங்க வைக்கட்டும்? நீங்களே சொல்லுங்க."
வெள்ளச்சி யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.
வெளியே சில்வர் ஓக் மரங்கள் சொட்டிக்கொண்டிருந்தன.
"அவங்களையும் கூட்டிட்டு வாங்க."

தீர்மானம் என்ற இடத்தில்
ஒத்திவைக்கப்பட்டது என்று டைப் அடித்தேன்.

பெட்டியில் ஓர் உருளை குறைகிறதாம்.
கடிதம் வந்திருக்கிறது, என் மேசை வழியாகத்தான்.
ஏன் எடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.
ஃபேன் காற்றில் பறக்காமல்
ஃபைல்களை அழுத்திக்கொண்டு கிடக்கிறது.
சேலத்து வெயிலில் மத்தியானம் தொட்டால் சூடு.

ஆயுத பூஜைக்கு மறுநாள் வந்து பார்க்கிறேன்,
பஞ்சிங் மெஷினுக்கு வைத்த கையோடு
யாரோ அதற்கும் வைத்திருக்கிறார்கள்
சந்தனம், மேலே ஒரு குங்குமப் பொட்டு.