குறும்பி

சிலைமானுக்குக் கிழக்கே ஒரு தென்னந்தோப்பு.
பதினோராம் குழி, வடமேற்கு மூலை,
ஏழடி ஆழம்.
சுண்டுவிரல் நீளத்தில் ஒரு செப்புக் கம்பி
பச்சை பூத்துக் கிடந்தது.

அருளானந்து சார் ஏட்டில் எழுதினார்:
அஞ்சனக்கோல். மை தீட்ட.
எழுதியதும் எங்கள் எல்லோருக்கும்
ஒரு பெண்ணின் கண் தெரிந்தது.
அழகான கண்ணாகத்தான் இருக்கும் என்று
யாரும் சொல்லாமலே முடிவானது.

மண் சுமக்கும் ஒச்சம்மா எட்டிப் பார்த்தாள்.
"நுனியப் பாருங்க சார், கரண்டியாட்டம் குழிஞ்சிருக்கு.
இதுல மை எழுதுனா கண்ணு அவிஞ்சு போகும்."
சொல்லிவிட்டுக் கொண்டை ஊசியை உருவி
வலது காதில் விட்டு
ஒரு கண்ணை மட்டும் மூடி
மெல்லத் திருப்பினாள்.

அவ்வளவு சுகத்தை ஒரு முகத்தில்
வேலை நேரத்தில் நான் பார்த்ததில்லை.

சார் அஞ்சனக்கோலை அடித்தார்.
காதுக் குறும்பி எடுக்கும் கோல் என்று எழுதக்
கொஞ்சம் கூச்சப்பட்டு
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

டிவிக்காரர்கள் வந்த அன்று
மணிகளைக் காட்டினோம்
எழுத்துக் கீறிய ஓட்டைக் காட்டினோம்.
கோலை யாரும் கேட்கவில்லை.

கழுவியது நான்தான்.
வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் நாள்.
செம்பைத் தண்ணீரில் போடக்கூடாது என்று
அதுவரை யாரும் சொல்லவில்லை.
பேசினில் அரைத் தண்ணீர்,
யாரோ பல் தேய்த்துத் தேய்ந்த பிரஷ்.
கரண்டிக் குழியில் அரிசி நுனியளவு
மஞ்சளாய் ஏதோ ஒட்டியிருந்தது.
மண் என்று நினைத்துத் தேய்த்தேன்.
போய்விட்டது.

சாயங்கால பாசஞ்சர்
கீழ்மதுரையில் நின்றபோதுதான் உறைத்தது.
மண்தானா அது?

அந்தக் காது கேட்டதெல்லாம்
குறும்பியைத் தொட்டுக்கொண்டுதானே உள்ளே போயிருக்கும்.
ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதென்று
யாரோ கத்தியது.
விலை படியாமல் விடியும்வரை நடந்த
ஒரு மாட்டுப் பேரம்.
பக்கத்தில் படுத்தவர் சொன்ன பொய்.
அப்புறம்
கூப்பிட்ட பேர். என்ன பேரோ.

பேசின் தண்ணீரை
மூன்றாவது தென்னைக்கு ஊற்றியிருந்தேன்.

மறுநாள் அந்த மரத்தடியில்தான்
ஒச்சம்மா தூக்குவாளியைத் திறந்தாள்.
"குழிக்குள்ள ஏதோ ஒட்டியிருந்துச்சே, என்னது?"
"மண்ணுக்கா."

அவள் ஒன்றும் பேசவில்லை.
ஊசியை உருவினாள்,
இம்முறை இடது காது.
நான் சொன்னதை அப்படியே தோண்டியெடுத்து
முந்தானையில் துடைத்துவிட்டுச்
சாப்பிட ஆரம்பித்தாள்.