முகவரி: வரி ஒன்று

ஹட்டனில் ஒரு வங்கி. கணக்குத் திறக்கும் படிவம்.
முகவரிக்கு மூன்று கோடு. இங்கிலீசில் லைன்,
பக்கத்தில் தமிழில் வரி.
வரி என்றால் கட்டுவதும்தான்;
அந்தளவுக்கு என் சம்பளம் இல்லை.

முதல் கோட்டில் எழுதினேன்:
ஏழாம் நம்பர் லைன், காம்பிரா பதினொன்று.
கண்ணாடிக்கு அப்புறமிருந்த திலினி மிஸ்
பேனா முனையால் தட்டினார்.
"லைன் நம்பர் அதிலயே அச்சடிச்சிருக்கு.
நீங்க வீட்ட எழுதுங்க."
எழுதியதுதான் வீடு என்றேன்.
"அப்ப தோட்டத்துப் பேரை மேல போடுங்க,
லைன் கீழ."
எனக்குப் பின்னால் ஒன்பது பேர் நின்றார்கள்,
அதுவும் லைன்.

பொகவந்தலாவை பஸ்ஸில் போனைத் திறந்து தேடினேன்.
ஆளி என்றொரு செடியாம், நீலப் பூவாம்.
தண்டை ஊறப்போட்டு நாருரித்து
நூல் திரிப்பார்களாம்.
லத்தீன்காரன் அதற்கு வைத்த பேர்
நூலாகி, நூல் பிடித்த கோடாகி,
கோட்டில் நிறுத்திய எல்லாமும் ஆகி
நோர்வூட் தாண்டியதும் லைன் போய்விட்டது.
பதினேழாவது அர்த்தத்தில்
வட்டம் சுற்றிக்கொண்டே நின்றது போன்.

மீதியை நானே யோசித்தேன்.
காடு வெட்டிய மலையில் முதலில் கயிறு பிடித்திருப்பார்கள்.
கயிறு போன வழியில் முளைக்குச்சி,
குச்சி நின்ற இடத்தில் தேயிலை,
தேயிலை முடிந்த சரிவில் நாங்கள்.
ஒரே நூல், பத்தடிக்கு ஒரு முடிச்சு.

எங்கள் சனம் அதை லயம் என்றது.
நாக்கு வழுக்கியதோ, காது இரங்கியதோ.
லயம் என்றால் ஒன்றில் ஒன்று கரைதல் என்கிறது அகராதி.
பொய்யில்லை.
பத்தில் மார்க்கிரட்டக்கா கருவாடு பொரித்தால்
பதினொன்றில் என் விரதம் முறியும்.
பன்னிரண்டில் சந்தனகுமார் இருமினால்
அம்மா இங்கே சுடுதண்ணி வைப்பாள்.
தாளம் என்றும் போட்டிருக்கிறது.
அதைத் தகரத்தில் மழை பார்த்துக்கொள்ளும்.

போன தை மாதம் ஒன்பதாம் லயத்தில்
ஒரு முனையில் பிடித்த தீ.
எட்டுக் காம்பிரா, இருபது நிமிஷம்.
நூல் எப்படி எரியும் என்று
போனில் தேட வேண்டியிருக்கவில்லை.

வங்கிக் கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து
கிளாக்கர் ஐயாவின் லாச்சியில் பன்னிரண்டு நாள் கிடந்தது.
"யோகமலர் மூணு பேர் இருக்கே,
எந்த யோகமலர்னு எனக்கெப்படித் தெரியும்?"
மெஷின் இரண்டாம் வரியை அச்சடிக்கவில்லை.
மேலே என் பேர்,
கீழே தோட்டத்துப் பேர்,
நடுவில் ஒரு விரற்கடை வெள்ளை.

அதில்தான் ஐந்து பேர் படுக்கிறோம்,
தலைமாடு அடுப்புப் பக்கம்.