ஏழு நீட்சிகள்

சத்துவாச்சாரி, மூன்றாவது மாடி.
இரவு பதினொன்றாகியும்
சுவரில் கை வைக்க முடியவில்லை.

என்னிடம் இருப்பது ஒரே விளையாட்டு,
லாரி ஓட்டுவது.
அதில் எதிரே வரும் பேருந்துக்கு
‘பேரணாம்பட்டு’ என்று பலகை செய்து தந்தவன் இம்தியாஸ்.
இரட்டைக்கொம்பு கூடப் பிசகவில்லை.

ஆனால் இந்த மாட் மேனேஜர்
நான் வாங்காத ஏழு விளையாட்டுகளுக்கு
ஏழு நீட்சிகளைக் கூட்டி வருகிறது.
பனியில் வாள் வீச ஒன்று,
விண்கலம் கட்ட ஒன்று,
மீதி எதற்கென்று அதற்கே தெரியாது.

நீக்கினேன்.
‘நீக்கப்பட்டது’ என்றது, பணிவாக.
மூடித் திறந்தால் ஏழும் ஆஜர்.
ஃபோல்டரோடு அழித்தேன்.
ஜேசிபி போன மறுவாரப் பாலாறு மாதிரி
ஒரே சீமைக்கருவேலம்.

இம்தியாஸ் வழி சொன்னான்:
“அதே பேர்ல வெறும் ஃபைல் ஒண்ணு வை.
ஆள் இருக்குன்னு நெனச்சுப் போயிடும்.”
வைத்தேன்.
நான்கு நாள் நிம்மதி.

இன்று அப்டேட்.
வெறும் ஃபைலைக் காணோம்.
ஏழு, எட்டாகியிருக்கிறது.
காட்பாடி மேம்பாலம் தாண்டி
எதிரே வருகிறது பேருந்து,
நெற்றியில் எழுத்தே இல்லாமல்.

போன் செய்தேன்.
தூக்கக் குரலில் சிரித்தான்:
“அவனுங்க மட்டும்தான்
திரும்பத் திரும்பப் போடுவானுங்களா?
அனுப்பறேன் இரு.”