வாத்தின் விலை

ஆறு மணிக்கு ஆரம்பம் என்று அட்டையில் எழுதியிருந்தால்
ஐந்தே காலுக்கே போய் நிற்க வேண்டும்.
அயோவாவில் மே மாதத்து ஐந்தே காலுக்கு
கராஜ் கதவு முழங்கால் உயரம் தூக்கியிருக்கும்.
உள்ளே மேசை இழுபடும் சத்தம், காப்பி வாசம்.
வெளியே நான்.
எனக்கு முன்பே லேலண்டின் பச்சை வேன்.

வாரத்தில் ஐந்து நாள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.
அது வாடகைக்கு.
சனிக்கிழமை, என் காரின் கியர்பாக்ஸுக்கு.
ஆயிரத்து நூறு ஆகும் என்றான் மெக்கானிக்,
சாவுச் செய்தி சொல்பவன் போலத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு.
இதுவரை தேறியது அறுநூற்று நாற்பது:
வார்ப்பிரும்புச் சட்டிகள், இரண்டு டஜன் டை,
ஒரு அக்கார்டியன்.
பெட்டியில் வைத்துக் கட்டும்போது
அது ஒரு பெருமூச்சு விட்டது.

டிரென்ட் ஹாஸ்கின்ஸ் அத்தை வீட்டைக் காலி செய்கிறான்.
கிறிஸ்துமஸ் விளக்குகளுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டப்பா.
கையால் அறுத்த பழைய மரப் புதிர்.
மூடியில் பென்சில் எழுத்து: துறைமுகம், 500.
இரண்டு டாலர் என்றான்.
ஒன்றரை என்றேன்.
வாங்கும்போது முகத்தில் எதுவும் தெரியக் கூடாது.
அப்போது என் முகம் ஒரு உருளைக்கிழங்கு.

முழுதாக இருந்தால் நூற்று நாற்பது போகும்.
ஒன்று குறைந்தால் நாற்பது.
எண்ணினேன். சரியாக ஐந்நூறு.
எண்ணிக்கையை நம்பி ஏமாந்தவள் நான்,
அடுக்கித்தான் பார்க்க வேண்டும்.

நான்கு இரவு. சமையல் மேசை முழுக்கக் கடல்.
சாப்பாடு நின்றபடி.
என் மகன் கோர்டி கடந்து போகும்போதெல்லாம்
ஒரு துண்டை வைத்துவிட்டுப் போவான்,
நிற்காமல், சரியான இடத்தில்.
கெண்டி, சாவி, நரி
என்றெல்லாம் வடிவம் வைத்து அறுத்திருந்தார் யாரோ.
வியாழன் பதினொன்றரைக்கு
தண்ணீர் நடுவே ஒரு ஓட்டை.
வாத்து வடிவத்தில்.
கையில் மிச்சம் எங்கும் சேராத ஒரு சிவப்புத் துண்டு,
வேறு ஏதோ படத்தின் அகதி.

டிரென்டுக்கு போன் போட்டேன்.
“முந்தின நாள் அந்த மேசைக்கடியில் வேக்குவம் போட்டேன்,
கடகடவென்று ஏதோ உள்ளே போனது.”
வேக்குவம் எங்கே?
“பச்சை வேன்காரர் வாங்கிப் போனார். ஐந்து டாலர்.”

பதினோரு வருடமாக லேலண்டும் நானும் பேசியது
குட் மார்னிங்,
அதை நான்தான் முதலில் தொட்டேன்,
இவ்வளவுதான்.
கொட்டகையில் செய்தித்தாளை விரித்துப் பையைக் கிழித்தார்.
ஒரு வீட்டின் கடைசி வருடம் சாம்பல் நிறத்தில் குவிந்தது:
கொண்டை ஊசி, பூனை மயிர், பாதி ஆஸ்பிரின்,
வாத்து.
இருவரும் தும்மினோம்.
கட்டைவிரலால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார்.
அந்தப் பார்வை எனக்குத் தெரியும்,
என்னுடையதும் அதுதான்.

“முழுசாகப் போனால் எவ்வளவு?”
பொய் நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போனது.
நூற்று நாற்பது.
“இல்லாமல்?”
நாற்பது.
“அப்படியானால் வாத்து நூறு டாலர்.”

கணக்கு சரி. அதுதான் வயிற்றெரிச்சல்.
பத்து என்றேன். எழுபது என்றார்.
காப்பி போட்டார். பதினைந்து என்றேன்.
படிந்தது இப்படி:
இருபது டாலர்,
ஜூன் மாத மெதடிஸ்ட் சர்ச் விற்பனைக்கு
ஏழு மணிக்கு முன் நான் தலைகாட்டக் கூடாது,
கிழிந்த பைக்குப் புதுப் பை.
கொசுறாக அந்தச் சிவப்புத் துண்டையும் கேட்டார்.
கொடுத்துவிட்டேன்.
வீட்டுக்குப் பாதி வழியில்தான் உறைத்தது:
லேலண்ட் எதையும் சும்மா கேட்கிற ஆளில்லை.

வாத்து உட்கார்ந்தபோது ‘டிக்’ என்றது.
கோர்டி அன்றுதான் நின்று பார்த்தான்.
படம் எடுத்து ஏற்றினேன்:
ஐந்நூறும் உண்டு. நானே அடுக்கிப் பார்த்தது.

அரை மணியில் மெய்னிலிருந்து ஒருத்தி கேட்கிறாள்,
வாத்து மட்டும் ஏன் கொஞ்சம் அழுக்கு,
விலை குறையுமா?

குறையாது அம்மா.
மற்றதெல்லாம் டப்பாவில் வந்தது.
அது மட்டும்தான் ஊர் சுற்றி வந்தது.