பார்த்தது, எத்தனை

படிவத்தில் மூன்றே கட்டங்கள்.
நாள். பார்த்தது. எத்தனை.
கூட்டுறவு அலுவலகத்தில் இதை அச்சடித்தவர்
ஒருநாளும் யால்தாத் விரிகுடாவில்
மூடுபனிக்குள் துடுப்பு போட்டிருக்க மாட்டார்.

இன்றைக்கு என் முன் இருக்கையில் ரைமுண்டோ.
சாந்தியாகோக்காரர்.
கணக்குத் தணிக்கை செய்து ஓய்வு பெற்றவர்.
உயிர்காப்பு அங்கியின் வாரை இறுக்கும்போதே கேட்டார்:
"டால்பின் நிச்சயம்தானே?"
எல்லோருக்கும் சொல்வதையே சொன்னேன்:
"கடல் நிச்சயம். குளிர் நிச்சயம்.
பத்தரைக்கு உருளைக்கிழங்கு அப்பமும் காபியும் நிச்சயம்."

நேற்று வந்த தம்பதிக்கு ஏழு தெரிந்தன.
ஏழும் படகைச் சுற்றிச் சுற்றி வந்தன.
"படத்தில் பெரிதாக இருந்ததே" என்றாள் அந்தம்மா.
எங்கள் தீவின் டால்பின் அவ்வளவுதான்,
ஒரு பள்ளிப் பையன் நீளம்.
என்ன செய்ய.

கரை விட்டு இருபது வீச்சில் வீடுகள் போயின.
தேவாலயக் கூம்பு போனது.
பிறகு கயாக்கின் மூக்கே போனது.
மிச்சம், அவர் முதுகின் மஞ்சளும்
மட்டிப் பண்ணையின் கறுப்பு மிதவைகளும்.
ஒன்று வரும், ஒன்று மறையும்.
ஒரு நீர்க்காகம் மிதவைமேல் சிறகை விரித்து
காயாத துணியைக் காயப்போட்டுக்கொண்டிருந்தது.
"இதை எண்ணுவீர்களா?"
"எண்ணலாம்."
"வேண்டாம்" என்றார்.

அப்புறம் மோட்டார் சத்தம்.
என் தம்பி நெல்சனின் படகு.
அந்த இருமல் எந்தப் பனியிலும் தெரியும்.
விசிலை மூன்று முறை ஊதினேன்.
"யஸ்னாவா?"
"நான்தான். அணைடா."
பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவன்
அணைத்தான்.

அமைதி வந்தது என்று சொல்ல முடியாது.
அது அங்கேயே இருந்திருக்கிறது,
நாங்கள்தான் அதன்மேல் உட்கார்ந்திருந்தோம்.
துடுப்பை மடியில் கிடத்தச் சொன்னேன்.
நுனியில் சொட்டிய நீரும் நின்றது.

ப்ஃபூ.

வலப்பக்கம்.
மனித மூச்சைவிடக் கொஞ்சம் பெரிது,
மாட்டின் மூச்சைவிடச் சிறிது.
ப்ஃபூ. பின்னால்.
வெகுநேரம் எதுவுமில்லை.
பிறகு என் இடது முழங்கையருகே,
திரும்பினால் முகத்தில் இடிக்கும் தூரத்தில்,
ப்ஃபூ,
மீன் வாடையோடு வெதுவெதுப்பாய் ஒரு தூறல்.
அடியில் ஏதோ நகர்ந்ததில்
கயாக்கின் வயிறு லேசாக எழுந்து இறங்கியது.
திரும்பினேன். வெள்ளை.
வெள்ளைக்குள் இன்னும் வெள்ளை.

ரைமுண்டோவின் காது மடல்கள் சிவந்திருந்தன.

நெல்சன் பொறுத்த மட்டும் பொறுத்தான்.
"போதுமா அக்கா? பெட்டி நிறையணும்."
மோட்டார் மறுபடி இருமியது.

கரையில், அப்பம் ஆறிக்கொண்டிருக்க,
படிவத்தை விரித்தேன்.
"மூன்று" என்றார் தணிக்கையாளர்.
"ஒன்று. மூன்று தடவை வந்தது."
"வலம், பின், இடம். மூன்று."
"காலையிலிருந்து நீங்கள் எத்தனை மூச்சு விட்டீர்கள்?
அத்தனை பேரா நீங்கள்?"
"கடைசியில் விடவே இல்லை" என்று சொல்லி
முதல்முறையாகச் சிரித்தார்.

பார்த்தது: நீர்க்காகம்.
எத்தனை: ஒன்று.
பேனாவை வாங்கிக்கொண்டார்.
ஓரத்தில், கட்டத்துக்கு வெளியே,
எறும்பு போன்ற எழுத்தில் சேர்த்தார்:
மூச்சு, மூன்று.
உரிமையாளர் எத்தனை பேர் எனத் தெரியவில்லை.

கீழே கையெழுத்தும் போட்டார்.