இறைப்பு மெசினுக்குத் தவணை

வியாழக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்கு
சனசமூக நிலையத்தின் பின்னறையில் கூடுகிறார்கள் என்று
ஆரோ சொல்ல,
சண்டை பிடிக்கத்தான் போனேன்.
கையில் மெசின் வாங்கிய பற்றுச்சீட்டு.
இரண்டங்குல மெசின், நாற்பத்தெட்டாயிரம்.
ஆடி மாதத்து இருட்டில்
ஒரு யூரியாப் பையோடு போனது.
அதன் பிறகு இருநூற்றுப்பத்து இதரை வாழை
குலை தள்ள முதலே
நீர்வேலிச் செம்மண்ணில் மடங்கிக் கிடந்தன.

உள்ளே பதினொரு பிளாஸ்ரிக் கதிரை.
கரம் போர்டைச் சுவரோடு சாத்தியிருந்தார்கள்.
ஓட்டோ ஓடுகிற குணநேசன் எழும்பி நின்றான்.
"இண்டைக்கு இரண்டாயிரத்து நூற்றியாறாவது நாள்."
குருநகரில் இருந்து பஸ் ஏறி வந்த யூட்
வலை பொத்திக் காய்த்த விரல்களைப் பார்த்தபடி
"பதினேழு" என்றான்.
எல்லாரும் கை தட்டினார்கள்.
பதினேழுக்கும் இரண்டாயிரத்துக்கும்
ஒரே அளவு சத்தம்.

மூலைக் கதிரையில் டிலக்சன்.
என் வேலிக்கு அங்கால் பிறந்தவன்.
என்னைக் கண்டதும் நிலத்தைப் பார்த்தான்.
"நாலு."

பற்றுச்சீட்டை விரித்தேன்.
என்னை ஒருவரும் இருக்கச் சொல்லவில்லை,
போகச் சொல்லவும் இல்லை.
பின்பக்கம் ஒரு பெடியன் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான்.
அருளினி மிஸ் ஒரு பேணியை என் கையில் திணித்தாள்:
"தண்ணி கொதிக்குது அக்கா, தேயிலையைப் போடுங்கோ,
நான் இந்தப் பிள்ளையைப் பாக்கோணும்."

கத்த வந்தவள் தேயிலை போட்டேன்.
அதற்கு இரக்கம் என்று பேர் வைக்காதீர்கள்.
கேத்தில் கொதித்தால்
ஆராவது இறக்கத்தானே வேண்டும்.

ஐந்தாம் வியாழன்
அவன் ஐந்நூறு ரூபாயை மேசையில் வைத்தான்.
வெங்காயம் கிண்டிய கூலி,
தாளில் மண் ஒட்டியிருந்தது.
நான் கொப்பியில் எழுதினேன்.
கணக்கில் நான் வலு கெட்டிக்காரி:
ஐந்நூறு ஐந்நூறாய்
தொண்ணூற்றாறு வியாழக்கிழமை.
அத்தனை வியாழனும்
இவன் உயிரோடு இருக்கவேண்டும் என்பது
அந்தக் கணக்குக்குள் ஒளித்திருந்ததை
வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் கண்டேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும்.
அவன் தண்ணி அள்ள வந்தால்
இப்பவும் காதுத்தோட்டைக் கழற்றி
மாப்பேணிக்குள் போடுகிறேன்.
அவனுக்கும் அது தெரியும்.
வாளியை வைத்துவிட்டு
வேலிப்பக்கம் திரும்பி நிற்பான்,
நான் போட்டு முடிக்கும் வரை.

பன்னிரண்டாம் வியாழன் கதிரை வெறுமை.
எழுபத்துநாலு நாள் சொன்னவன்.
"தூள்காரன் திருந்துவானோ" என்று
சங்கக்கடையில் சிரித்தார்கள்.
மூன்று இரவு குணநேசன் ஓட்டோவை எடுத்தான்,
பின்சீற்றில் நான், மடியில் சுடுதண்ணிப் போத்தல்.
உரும்பிராய்ச் சந்தி, கோண்டாவில் ஸ்ரேசன்,
பூட்டிய தியேட்டர்ப் பின்சுவர்.
கூப்பிட்ட பேருக்கு
நாய்கள்தான் குரைத்தன.

கதிரையை எடுக்கவில்லை.
அவனுக்கும் பிளேன்ரீ ஊற்றி வைத்தேன்.
ஆறிப்போனதை
யூட் ஒவ்வொருமுறையும் ஒன்றும் பேசாமல் குடித்தான்.

பதினைந்தாம் வியாழன் கார்த்திகை மழை.
கறன்ற் இல்லை.
குப்பி விளக்கடியில் ஆறே பேர் இருந்தோம்.
வாசல் சாக்கில் கால் துடைக்கிற சத்தம்,
துடைத்து முடிக்கவே மனமில்லாததுபோல
நெடுநேரம்.
பிறகு அவன்
அம்மாவின் குடையும் இல்லாமல், செருப்பும் இல்லாமல்.

"நான் டிலக்சன்."
தொண்டையைச் செருமினான்.
"ஒண்டு."

தகரத்தில் கொட்டிய மழைக்கு மேலால்
கை தட்டினோம்.

கொப்பியைத் திறந்தேன்.
மிச்சம் நாற்பத்துநாலாயிரத்து ஐந்நூறு.
திகதி போட்டேன்,
காசு எழுதும் இடத்தில் "வந்தான்" என்று எழுதினேன்.
பிறகு கேட்டேன்,
சீனி எத்தனை கரண்டி என்று.

மூன்று. எனக்குத் தெரியும்.
அவன் வாயால்
கேட்கவேண்டும் போலிருந்தது.